கஸ்பாரின் முதுகுவலி

ஜனவரி 8

கஸ்பார் படகை விற்கப் போகிறாராம். காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்கிறார், கடையில் வெங்காயம் இல்லை என்று சொல்வது மாதிரி.

“முதுகு தாங்க மாட்டேங்குதுட்டி. வித்துருவோம்.”

அவ்வளவுதான். பதினோரு வருஷமாக இந்தப் படகில்தான் குடியிருக்கிறோம். தூத்துக்குடி வீட்டைக் கொடுத்துவிட்டு, நான் கணக்கு டீச்சர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வாங்கிய பாய்மரப் படகு. பழைய வெள்ளைக்காரப் பெயரைச் சுரண்டிவிட்டு ‘பனிமயம்’ என்று என் கையால் பெயின்ட் அடித்தேன். தாய்லாந்து, சுமத்ரா, அந்தமான் என்று பாயை விரித்துப் போன இடமெல்லாம் வீடாக இருந்தது. அதை ஒரு முதுகுக்காக விற்கவேண்டுமாம். முப்பது வருஷம் கப்பல் என்ஜின் அறையில் குனிந்தே வேலை பார்த்த மனுஷனுக்கு அப்போதெல்லாம் வராத முதுகுவலி, மலேசியாவின் லங்காவித் தீவில், மெரினா என்கிற படகுத்துறையில் கட்டிப்போட்டிருக்கும் படகில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்திருக்கிறது.

“எந்த எடத்துல வலிக்கு?” என்று கேட்டேன்.

“அது... எல்லா எடத்துலயுந்தான்.”

வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி நின்றார். எனக்கு இந்த முழியைத் தெரியாதா? ஆனால் எதையோ மறைக்கிறார் என்பதைவிட, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டார் என்பதுதான் பொறுக்கவில்லை. போய்ப் பாத்திரம் கழுவினேன். இடது கைப்பக்கம் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்துத் தொலைத்திருக்கிறார். கை பட்டு உடைந்தது.

ஜனவரி 9

படகின் அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்தேன். பம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து காலையும் இரவும். உப்புக் காற்றுக்கு நல்லது.

ஜனவரி 12

டீசல் போட மெரினாவின் மறுகோடிக்குப் படகைக் கொண்டுபோனோம். சுக்கான் என் கையில். கஸ்பார் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடவே இல்லை.

“அந்தா ஒரு ஃபெர்ரி வருது. இந்தா இடது பக்கம் பச்சை மிதவை. ஒரு சின்ன ரப்பர் போட்டுல ரெண்டு பேரு போறாவ, பாத்தியா?”

கல்யாணமான புதிதில் இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆறு மாதம் கப்பலில் இருந்துவிட்டு வந்து ‘ம்’ என்பார். இப்போது ஒரு வருஷமாக ஸ்கூல் டூர் கூட்டிவந்த வாத்தியார் மாதிரி கண்ணில் பட்டதை எல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறார்.

“எனக்குக் கண்ணு இருக்கு. கொஞ்சம் சும்மா வாங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா வந்தார். அப்புறம், “அந்தா ஒரு கொக்கு” என்றார். கொக்காம்.

திரும்பி வந்து இறங்கும்போது துறைமேடையில் எவனோ தண்ணீர்க் குழாயைச் சுருட்டாமல் இடது ஓரம் போட்டிருந்தான். தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்துவிட்டது. மெரினா ஆபீசில் போய்ச் சத்தம் போட்டேன். அப்படியே சாயங்காலம் துறைமேடை விளக்குகளை எல்லாம் மங்கலாக்கிவிட்டதையும் சொன்னேன். அங்கே இருந்த பெண் விளக்கை மாற்றவே இல்லை என்கிறாள். பொய் சொல்வதற்கு ஒரு கூச்சம் வேண்டாமா?

ஜனவரி 14

தரகர் வந்தார், போட்டோ எடுக்க. சீனர், நல்ல மாதிரி, சிரித்துச் சிரித்துப் பேசினார். அவர் சொன்னது என்னவென்றால், எங்கள் சாமான்களை எல்லாம் கண்ணில் படாமல் ஒதுக்கவேண்டும். பனிமய மாதா படம், என் தையல் கூடை, அஞ்சறைப் பெட்டி, எல்லாம். “யாரும் குடியில்லாத மாதிரி இருந்தால்தான் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கும்” என்றார் ஆங்கிலத்தில். கருவாட்டு டப்பாவை மோந்து பார்த்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

கஸ்பார் தரகர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் எல்லாவற்றையும் திணித்தார். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து. முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

மகள் பெனிட்டா போன் செய்தாள். கோயம்புத்தூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு வீடு பார்த்துவிட்டாளாம்.

“தரைத்தளமாப் பாத்திருக்கேம்மா. படியே கெடையாது.”

“யாருக்குடி படி ஆகாது?”

“இல்ல... அப்பாவுக்கு முதுகு வலிக்குல்லா.”

இந்தப் படகில் ஏணியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்று அவளுக்கு யார் சொல்வது? அப்பாவும் மகளும் என் முதுகுக்குப் பின்னால் பேசி முடித்துவிட்டார்கள். கோயம்புத்தூராம். கடலுக்கு எத்தனை மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும் என்று கேட்டேன். பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 17

யோசித்துப் பார்த்தால் இந்த விற்கிற எண்ணம் அவருக்கு முளைத்தது நவம்பரில்தான் இருக்கவேண்டும். அவர் பயந்துவிட்டார். அந்தப் பயத்தைத்தான் முதுகு என்று பெயர் மாற்றிச் சொல்கிறார்.

நாங்கள் இரண்டே பேர் ஓட்டுகிற படகு. நாள் கணக்கில் கடலில் போகும்போது ஒருவர் வாட்ச், அதாவது முழித்திருந்து காவல், ஒருவர் தூக்கம். அதற்கு எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கீழே போய்ப் படுத்தவர் தூங்கியே ஆகவேண்டும். வாட்ச்சில் இருப்பவர் கூப்பிடாமல் மேலே தலைகாட்டக் கூடாது, ‘என்ன சத்தம்?’ என்று கேட்கவும் கூடாது. மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக் கண்ணை மூடுவதுதான் இதில் முக்கியமான வேலை. முதல் வருஷம் எனக்கு அந்த நம்பிக்கை வரப் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. அப்புறம் புயலில்கூட நான் குறட்டை விட்டேன் என்று சிரிப்பார்.

நவம்பரில் தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து இங்கே வரும்போது என் வாட்ச். ஒரு மீன்பிடிப் படகு விளக்கே இல்லாமல் இடது பக்கமிருந்து வந்துவிட்டது. நான் பார்ப்பதற்குள் கஸ்பார் கீழேயிருந்து பாய்ந்து வந்து சுக்கானை என் கையிலிருந்து பிடுங்கித் திருப்பினார். அவ்வளவு பக்கத்தில் போனோம், அந்த ஆட்கள் திட்டியது காதில் விழுந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கூப்பிடாமல் மேலே வந்தது தப்பு என்று நானும் சொல்லவில்லை, ஆனால் மறக்கவுமில்லை.

அந்தப் படகில் விளக்கு இல்லை. இருந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்.

அவர் எப்படி அதற்குள் முழித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஜனவரி 21

வாங்க ஆள் வந்துவிட்டது. ஈப்போவில் டயர் கடை வைத்திருக்கிற மதியழகனும் அவர் மனைவி குமுதாவும். நாற்பதைத் தாண்டிய வயது. நம் ஆட்கள் என்று கஸ்பாருக்கு ஒரே பூரிப்பு. எனக்கு அவர்களைப் பிடிக்கக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். படகில் கால் வைக்கும் முன்னால் செருப்பைக் கழற்றித் துறைமேடையில் ஒழுங்காக விட்டார்கள். அதிலேயே பாதிக் கோபம் வீணாய்ப் போனது.

குமுதா அடுப்பு மூலையைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ சின்ன எடத்துல எப்படி ஆண்ட்டி சமைக்கிறது? படகு ஆடுறப்ப, இருட்டுல எல்லாம் சாமான் எடுக்க முடியுமா?” என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். தீப்பெட்டி, கத்தி, கடுகு, உப்பு, டார்ச், முதலுதவிப் பெட்டி, ஒவ்வொன்றாய் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அப்படியே மேலே ஏறி, கண்ணைத் திறக்காமலே எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்று தொட்டுத் தொட்டுச் சொன்னேன். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

“இந்தப் படகுல எனக்குக் கண்ணே வேண்டாம்” என்றேன்.

சொல்லிவிட்டுக் கஸ்பாரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 24

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வாங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு காலையில் கடலுக்குப் போனோம், ஓட்டிக் காட்ட. நல்ல வடகிழக்குக் காற்று. பாய் ஏறியதும் கஸ்பார் சுக்கானை என்னிடம் கொடுத்தார்.

“நீ பிடிட்டி. உன் கைப்பழக்கத்த அவிய பாக்கட்டும்.”

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் என் இடது பக்கம் நின்றுகொண்டு மதியழகனிடம் ஆரம்பித்தார். “பாத்தியளா தம்பி, இடது கைப்பக்கம் ஒரு ஃபெர்ரி, அது வெலகிப் போயிரும். அந்தா ஒரு மிதவை, நாம அதுக்கு வெளிய போவோம்.”

கொஞ்ச தூரம் போய் மதியழகன் சுக்கானை வாங்கினார். கஸ்பார் வாயை மூடினார். ஒரு பெரிய மீன்பிடிப் படகு குறுக்கே போனது, ஒன்றும் சொல்லவில்லை. படகுக்குப் பக்கத்திலேயே ஒரு கழுகு இறங்கி மீனைத் தூக்கிக்கொண்டு போனது, குமுதா கத்தினாள், இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவரே கொஞ்ச நேரம் ஓட்டினார். ஒரு வார்த்தை கிடையாது, பழைய கஸ்பார்.

மறுபடி நான் சுக்கானைப் பிடித்தேன். என் கை அதில் பட்டதும் ஆரம்பித்தார். “அந்தா தம்பி, இடது பக்கம்...”

சொல்வது தம்பிக்கு, பார்ப்பது என்னை.

இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது என்ன பெரிய கணக்கு? ஃபெர்ரி, மிதவை, கொக்கு, எல்லாம் இடது பக்கம். எல்லாம் என் கையில் சுக்கான் இருக்கும்போது. ஒரு வருஷமாக என்னைக் கைப்பிடித்து ரோடு தாண்ட வைத்துக்கொண்டிருக்கிறார், எனக்கே தெரியாமல்.

“வாயை மூடிக்கிட்டு உக்காருதியளா?” என்றேன், வந்தவர்கள் முன்னாலேயே.

“தெக்லா...”

“மூடுங்கன்னேன்.”

உட்கார்ந்துவிட்டார். நான் நிமிர்ந்து நின்று ஓட்டினேன். நன்றாகத்தான் ஓட்டினேன். திடீரென்று யாரோ வாலைப் பிடித்து இழுத்தது மாதிரி படகு நின்றது. பாய் படபடவென்று அடித்தது, குமுதா தடுமாறிக் கீழே உட்கார்ந்தாள். மீன் வலை. சுக்கானில் மாட்டிக்கொண்டது. வலைக்கு அடையாளமாகக் கம்பில் கட்டிய கறுப்புக் கொடி இடது பக்கம் ஆடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

“கொடியைப் பாத்து சுத்திப் போவீங்கன்னு நெனச்சேன் ஆண்ட்டி” என்றார் மதியழகன், மெதுவாக.

கஸ்பார் பாயை இறக்கினார், சட்டையைக் கழற்றினார், கத்தியை எடுத்துக்கொண்டு குதித்தார். மூழ்கினார், மூச்சு வாங்க வந்தார், மறுபடி மூழ்கினார். காற்று எங்களையும் வலையையும் சேர்த்துக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு பாறைத் தீவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு ‘மாதாவே’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கடைசியில் படகு விடுபட்டு ஆடியது. ஏணியை இறக்கிவிடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்து ஒரே எம்பில் மேலே ஏறி வந்தார், இருபது வயதுப் பையன் மாதிரி.

மதியழகன் துண்டை நீட்டிக்கொண்டே கேட்டார். “அங்கிள், முதுகுவலின்னுதானே விக்கிறதா சொன்னீங்க?”

கஸ்பார் சட்டென்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். “ஆமா தம்பி, இப்பந்தான் வலிக்க ஆரம்பிக்கு.”

குமுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

“அவியளுக்கு முதுகுல ஒரு மண்ணும் இல்ல. எனக்குக் கண்ணு போவுது. இடது பக்கம் பாதி போயிட்டு. கண்ணுல அழுத்தம், போனது திரும்பாதுன்னு போன வருஷமே பினாங்குல டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் விக்கோம். போதுமா?”

இந்த நோட்டில்கூட எழுதாததை ஒரு டயர் கடைக்காரரிடம் சொன்னேன். நல்ல மனசோடு சொல்லவில்லை. எனக்காக அவர் போட்ட நாடகத்தை எல்லார் முன்னாலும் உடைக்கவேண்டும் என்றுதான் சொன்னேன். உடைந்தது. கஸ்பார் ஈரத்தோடு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மதியழகன்தான் படகைக் கரைக்கு ஓட்டிவந்தார்.

ஜனவரி 25

காலையில் நானே ஆரம்பித்தேன்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நீ சொட்டு மருந்தப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்ச அன்னைக்கி.”

“ஏன் கேக்கல?”

“நீ சொல்லுவன்னு இருந்தேன்.”

“நவம்பர்ல எப்படி அதுக்குள்ள மேல வந்திய? தூங்கிட்டுல்லா கெடந்திய?”

காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

“தூங்கல.”

“அன்னைக்கா?”

“உனக்குக் கண்ணு இப்படின்னு தெரிஞ்சதுல இருந்து உன் வாட்ச்ல நான் தூங்குனதில்லட்டி.”

ஏணிக்கு அடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாராம். நான் உட்கார்ந்த சத்தம் கேட்டால், மெதுவாக எழுந்து, என் கண்ணில் படாமல் கதவிடுக்கு வழியாகக் கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி படுப்பாராம். அப்புறம் தன் முறை வந்ததும் தூங்கி எழுந்தவர் மாதிரி கொட்டாவி விட்டுக்கொண்டு மேலே வருவாராம். கொட்டாவியைப் பார்த்து, நன்றாகத் தூங்கினீர்களா என்று நான் கேட்டிருக்கிறேன். எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். குளிரில், மழையில், கண் எரிய எரிய நான் முழித்திருந்தேன், ஒரு மனுஷனைத் தூங்க வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. அந்த இரவுகளில் நான் யாரையும் தூங்க வைக்கவில்லை. அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான்தான் கார் ஓட்டுகிறேன் என்று நினைக்கிற பிள்ளை மாதிரி என்னை உட்கார வைத்திருக்கிறார்.

“‘தெக்லா, இனி உன்னால முடியல’ன்னு நீங்க என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிருக்கணும். அதுதான் எனக்கு மரியாத. இப்படித் திருட்டுத்தனமா என் வாட்ச்ச எடுத்துக்கிட்டிய.”

“சொன்னா அன்னைக்கே நீ படக விட்டுருவ. எனக்கு அதப் பாக்கத் தெம்பில்ல.”

“இப்ப மட்டும் எங்கேருந்து தெம்பு வந்துச்சு?”

“இப்பவும் வரல.” டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு மீதியைச் சொன்னார். “முடியலட்டி. தூக்கம் இல்லாம இனி என்னால முடியல.”

நேரே இருப்பது எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது. அவர் நேரேதான் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்துப் பை தொங்கியது. இதை ஒரு வருஷமாக நான் பார்க்கவில்லை. கோபம் குறையவில்லை, யார் மேல் படுவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

ஜனவரி 26

கட்டிலுக்கு அடியிலிருந்து கருவாட்டை எடுத்து வறுத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரி 30

மதியழகன் கஸ்பாருக்குப் போன் செய்தார். வாங்கிக்கொள்கிறார்களாம். “ஆண்ட்டி உண்மைய சொன்னாங்க லா, அதுவே எங்களுக்குப் போதும்” என்றாராம். நான் எதற்குச் சொன்னேன் என்று எனக்குத்தானே தெரியும்.

சரி என்று நானே சொல்லச் சொன்னேன். அதை எழுதி வைக்கிறேன், நாளைக்குப் பழியை அவர் தலையில் போடக் கூடாது என்பதற்காக.

ஆனால் ஒன்று, யாரும் எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போகவேண்டாம். இந்தப் படகில் எனக்குப் பாதிக் கண் போதும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். எந்தப் பலகை முனகும், எந்த ஆணி துருத்தும் என்று உடம்புக்குத் தெரியும். கோயம்புத்தூர் வீட்டில் சுவிட்ச் எங்கே என்று தெரியாது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாது. இங்கே நான் தெக்லா. அங்கே போய் இறங்கிய நிமிஷம் நான் குருடி. பெனிட்டாவிடம் இதையே சொன்னேன், அவள் அழுதாள். படி உள்ள வீடாகவே பார் என்றேன். தடுக்கி விழுந்தாவது கற்றுக்கொள்கிறேன், என்னைக் கேட்காமல் இனி எவரும் எதையும் எனக்காகத் தீர்மானிக்கக் கூடாது.

பிப்ரவரி 3

குமுதாவுக்கு மூன்று நாளாகப் படகு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். கெட்டிக்காரி. இன்று ஒரு முடிச்சைத் தப்பாகப் போட்டாள், தேவைக்கு மேல் கத்திவிட்டேன். “பரவால்ல ஆண்ட்டி, எங்கம்மா இதவிட கத்துவாங்க” என்கிறாள்.

பிப்ரவரி 6

லங்காவியிலேயே குவா ஊரில், ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம். நாளைக்கு விமானம்.

காலையில் படகு போய்விட்டது. நான் கையாட்டவில்லை. குமுதா ஆட்டினாள், மதியழகன் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டினார். கடைசியில் இடது பக்கம் திரும்பியதும் எனக்கு மறைந்துவிட்டது. கஸ்பார் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றார். “போயிட்டா?” என்று கேட்டேன். “இன்னும் தெரியுது” என்றார். “இப்ப?” “இன்னும் தெரியுது.” பிறகு, “போயிட்டு” என்றார். அவர் சொன்னதற்கு முன்னாலேயே போயிருக்கும். அதற்கும் ஒரு சண்டை பாக்கியிருக்கிறது.

அறைக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், “டிக்கெட்ட...” என்றார், பாதியில் தூங்கிப்போனார். நடிப்போ என்று குனிந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கூப்பிட்டுப் பார்த்தேன், அசையவில்லை. கீழே ரோட்டில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதற்கும் அசையவில்லை.

கதவைத் தட்டினார்கள். எழுந்து போகும்போது நாற்காலி இடித்தது, சுவரைத் தடவிக்கொண்டு போய்த் திறந்தேன். அறையைச் சுத்தம் செய்கிற அம்மா, வாளியும் துடைப்பமுமாக நின்றாள். மலாய்ப் பெண். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் அவர் தூங்குகிறார், சாயங்காலம் வா என்றேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பெனிட்டா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், எடுக்கவில்லை. எனக்குப் பசிக்கிறது. கோபம் அப்படியேதான் இருக்கிறது, கேட்கவேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. எழுந்ததும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது தூங்கட்டும், நான் முழித்திருக்கிறேன்.